கூட்டுக்குரல், தனிக்குரல், வாசற்படி: 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாடல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ராஜபாளையத்தில் தினமணி நாளிதழ் நடத்திய கூட்டத்தில் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்ற கட்டுரையை வாசித்தார். இரண்டுமே மார்கழி மாதத்தில், இருபத்துநாலு மணி நேர இடைவெளியில் நடந்தவை.

இரண்டாவது கூட்டத்தின் விளைவுகள் எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தன. நீண்ட கட்டுரை அது. ஆய்வு நூலொன்றிலிருந்து எடுத்தாண்ட ஒரேயொரு மேற்கோள் மட்டும் அதிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார், கவிஞர் வருத்தம் தெரிவித்தார், நாளிதழும் தெரிவித்தது. முதல் கூட்டத்தின் விளைவோ எங்களுக்குச் செல்ஃபோன் வழியாகத்தான் வந்தது, சிறுசிறு துண்டுகளாக.

இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவது வலிந்து முடிச்சுப் போடுகிற காரியமாகத் தோன்றலாம். எனக்கும் 2024 நவம்பர் வரைக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நவம்பரிலும் அதையடுத்த டிசம்பரிலும் நடந்த இரண்டு சம்பவங்கள்தான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடல்களைப் பற்றி எழுதியவர்கள், கொண்டாடியவர்களும் சரி கரித்துக் கொட்டியவர்களும் சரி, பெரும்பாலும் பாட்டின் வரிகளைத்தான் பேசினார்கள். இடஒதுக்கீடு பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறி பற்றி ஒரு பாட்டு, அம்பேத்கர் பற்றி ஒரு பாட்டு. அதில் என்ன கருத்து, சரியா தப்பா. தமிழ் எம்.ஏ. படித்த என்னைப் போன்றவர்களுக்கு வேறெதுவும் தெரியாது என்பது ஒரு காரணம். திருப்பாவையைப் பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்றுதான் எங்களுக்கு நடத்தினார்கள். அது பலர் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட வரிசையில் நின்று பாடுகிற பாட்டு என்பது பாடத்திட்டத்திலேயே இல்லை. பாட்டைப் பிரதியாக மட்டும் வாசிக்கிற இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பாட்டை யார் சேர்ந்து செய்தார்கள், எங்கே நின்றார்கள், கேட்டவர்கள் அந்தச் சேர்க்கையை என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

குழு உருவான விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவின் மெட்ராஸ் ரெகார்ட்ஸும் 2017இல் கைகோத்தன. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், தாளவாத்தியக்காரர்கள், கிதார்க்காரர்கள் என்று பலரை வரவழைத்துக் கேட்டுப் பார்த்து 19 பேரைத் தேர்ந்தார்கள். வடசென்னைக் கானாக்காரர்கள், அரக்கோணத்துப் பக்கமிருந்து வந்த அறிவு, மும்பை தாராவித் தமிழ் இளைஞர்கள், கானா பாடும் பெண்ணாக இசைவாணி. பறையும் சட்டியும் கட்ட மோளமும் ஒருபக்கம், டிரம்ஸும் எலக்ட்ரிக் கிதாரும் மறுபக்கம். பெயர் அயோத்திதாசரிடமிருந்து (1845–1914) வருகிறது. குடிக்கணக்கில் தம் மக்களைச் சாதிபேதமற்றவர்கள் என்று பதியச் சொன்னவர் அவர். அந்தச் சொல்லை ஒரு பாட்டுக்குழுவுக்குப் பெயராக வைத்ததிலேயே ஒரு வரலாற்று வாசிப்பு இருக்கிறது.

கானா எங்கே வாழ்ந்தது என்பது வாசகர்கள் அறிந்ததுதான். சாவு வீட்டு ராத்திரி. பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள். டோலக்கோ தபேலாவோ இருக்கும். இல்லையென்றால் மேசைப் பலகையே போதும். பாடுகிறவர் இறந்தவரின் பெயரை, தெருவை, பிள்ளைகுட்டிகளைப் பாட்டுக்குள் கொண்டுவருவார். அழவும் வைப்பார், நடுவில் சிரிக்கவும் வைப்பார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பர்கள் சுடுகாட்டுக்குப் போகும்போது துக்க இசையும் திரும்பும்போது துள்ளல் இசையும் வாசித்துப் போவார்களாம். ஜாஸ் வளர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று. இங்கே சாவு வீட்டுப் பாட்டு வளர்ந்து போய்ச் சேர்ந்த இடம் சினிமா. 1990களில் தேவாவின் இசையில் கானா தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கூடவே ஒரு வேலையும் நடந்தது: பாட்டு சினிமாவுக்குள் போனது, பாட்டுக்காரன் வெளியே நின்றான். ராகம் மட்டும் வந்தால் போதும், தெரு வரவேண்டாம்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இந்த இடத்தில்தான் குறுக்கிட்டது. அது செய்த முதல் காரியம் புதிய கருத்தைப் பாடியது அல்ல என்று நினைக்கிறேன். அந்தக் கருத்துகளை அதற்கு முன்பே பாடியிருக்கிறார்கள். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டைக் கே. ஏ. குணசேகரன் (1955–2016) ஊர் ஊராகப் பாடி, அதைக் கேட்டு ரத்தம் சூடாகாத இயக்கத் தோழர் அன்றைக்கு யாருண்டு? தன்னானே குழுவும் இடதுசாரிகளின் கலை இரவுகளும் போட்ட பாதை அது. ஆனால் அந்தக் கலை இரவுகளில் பாட்டு பெரும்பாலும் கருத்தை ஏற்றிக்கொண்டு போகிற மாட்டுவண்டி. சரக்கு இறங்கியதும் வண்டியை யாரும் பார்ப்பதில்லை. பாடியவருக்குப் பஸ் காசும் டீயும். அப்புறம் தலைவர் பேச்சு.

வால்ட்டர் பெஞ்சமின் 1934இல் எழுதிய 'உற்பத்தியாளராக எழுத்தாளர்' என்னும் உரையில் ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் கேட்பதற்கு முன்னால், அந்த உறவுகளுக்குள் அது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள் என்கிறார். இந்தக் கேள்வியோடு கீழ்ப்பாக்கம் மேடையைப் பார்த்தால் வேறு விஷயங்கள் தெரிகின்றன. சாவு வீட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பாடியவர்கள் கோட்டு சூட்டுடன் மேடையில் நிற்கிறார்கள். அந்தக் கோட்டு யாருடையது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பறை அடிக்கிறவரும் கிதார் வாசிக்கிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒத்திகை நடந்திருக்கிறது. பாட்டுக்காரருக்குப் பெயர் இருக்கிறது. டிக்கெட் வாங்கி சபாவில் உட்காரும் மார்கழியில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் நின்று ஆடிக்கொண்டே கேட்கிறார்கள். பாட்டின் வரிகள் சொன்னதைவிட இந்த ஏற்பாடு அதிகம் சொன்னது.

3

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் என் அப்பா.

என் தாத்தா சாவுக்குக் கொட்டு அடித்தவர். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்துக் கிராமம் எங்களுடையது. ஊருக்குள் யார் செத்தாலும் முதலில் ஆள் வருவது எங்கள் வீட்டுக்கு. அடித்து முடித்தால் நெல்லோ காசோ கிடைக்கும். தூக்கிப் போடுவார்கள், பொறுக்கிக்கொள்ள வேண்டும். 1990களின் நடுவில் தென்மாவட்டங்களில் இளைஞர்கள் பல ஊர்களில் 'இனிமே அடிக்க மாட்டோம்' என்று நின்றார்கள். அப்படி நின்றதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. 1997இல் இந்த மாவட்டத்தில் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கு மூண்ட கலவரமும், அதன் முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை அரசு எடுத்துவிட்டதும் நாமறிந்ததே. ஒரு பஸ்ஸில் எழுதிய பெயரையே பொறுக்காத காலம் அது. அந்தக் காலத்தில்தான் அப்பா தாத்தாவின் தப்பைப் பரணில் ஏற்றிவிட்டுச் சத்திரப்பட்டிக்குப் பேண்டேஜ் துணித் தறிக்கு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு டப்பாவைத் தட்டினால்கூட அப்பாவுக்குக் கோபம் வரும்.

2018இல் அந்த மேடைக் காட்சியை என் ஃபோனில் அவருக்குக் காட்டினேன். பெருமையோடுதான் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்தார். "நாங்க தூக்கிப் போட்டத நீங்க எடுத்து மாட்டிக்கிட்டீங்களாடா?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவரின் கேள்வி இல்லை. பறையைக் கைவிடுவதா, கலையாக மீட்பதா என்பது தொண்ணூறுகளில் தலித் இயக்கங்களுக்குள் நடந்த பெரிய விவாதம். சிறுபத்திரிகைகளும் பக்கம் பக்கமாகப் பேசின. எங்கள் பக்கத்து வத்திராயிருப்பு புதுப்பட்டியில் பிறந்த ராஜ் கௌதமன் 'தலித் பண்பாடு' நூலில் (1993) பண்பாட்டைக் காட்சிப் பொருளாக வைத்துக் கும்பிடாமல் கலகமாக யோசிக்கச் சொன்னவர். அவர் தங்கை பாமாவின் 'கருக்கு' (1992) அதே புதுப்பட்டித் தெருவை எழுத்துக்குள் கொண்டுவந்தது. இந்த மண்ணில் அந்த விவாதம் ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை.

அப்பாவுக்கு நான் அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அது வேற, இது வேறப்பா." எப்படி வேறு என்று விளக்கத் தெரியவில்லை. இப்போது விளக்க முடியும் என்று நினைக்கிறேன். தோல் அதே தோல், குச்சி அதே குச்சி. மாறியது அடிக்கிறவன் நிற்கும் இடம், அவனைக் கூப்பிடும் முறை, கூலி வந்து சேரும் வழி, 'முடியாது' என்று சொல்ல அவனுக்கு இருக்கும் உரிமை. மறுக்க முடிகிறவன் அடிக்கும்போதுதான் அது கலை. ஆகவே என் அப்பா பரணில் ஏற்றியதும் அந்த இளைஞர்கள் மேடையில் ஏற்றியதும் ஒரே போராட்டத்தின் இரண்டு காலங்கள். முதலாவது நடக்காமல் இரண்டாவது நடந்திருந்தால் அது வெறும் நாட்டுப்புறக் கலைவிழாவாகப் போயிருக்கும்.

4

இதனால் பாட்டுகளை விமர்சனம் இல்லாமல் ஏற்கவேண்டும் என்று அர்த்தமில்லை. அந்த பிப்ரவரியில் நண்பர்கள் சேர்ந்து ராஜபாளையத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் இந்தப் பாடல்களைப் போட்டுக் கேட்டுப் பேசலாம் என்று திட்டமிட்டோம். ஆண்டாள் பிரச்சினை சூடாக இருந்த நேரம். "இப்பப் பாட்டு கீட்டுன்னு எதுவும் வேண்டாம் தம்பி" என்று மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் முடங்கியார் ரோட்டுப் பக்கம் ஒரு தோழரின் வீட்டு மொட்டைமாடியில், ஒரு சின்ன ஸ்பீக்கரைச் சுற்றி பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்டோம். அன்று வந்த கேள்விகள் இன்றும் செல்லும்.

முதல் கேள்வி, பாஷை. மெட்ராஸ் பாஷையே 'தலித் குரல்' என்று ஆகிவிடுமா? வடசென்னைக்காரனுக்கு அது வீட்டு மொழி. எங்கள் கரிசல் பக்கத்து ஒப்பாரிக்கும் கும்மிக்கும் நடவுப்பாட்டுக்கும் இதில் இடமெங்கே? நீலம் பண்பாட்டு மையம் 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' பல மாவட்டத்துக் கலைஞர்களுக்கு மேடை கொடுத்து இந்தக் குறையை ஓரளவுக்கு ஈடுசெய்தது. ஆனாலும் தமிழ்நாடு என்றால் சென்னை என்கிற பழக்கம் மாற்றிசையையும் விட்டுவைக்கவில்லை.

இரண்டாவது, தாளம். ராக் இசையின் டிரம்ஸ் நாலு நாலாக எண்ணிக்கொண்டு தடம் மாறாமல் போகும். சாவு வீட்டுக் கானாக்காரர் அப்படிப் போகமாட்டார். அழுகிற அம்மாவைப் பார்த்தால் ஒரு வரியை இழுப்பார். கூட்டம் சோர்ந்தால் ஓட்டுவார். கேட்பவரின் முகம்தான் அவருக்குத் தாளக்கட்டு. கிதாரும் டிரம்ஸும் சேரும்போது பாட்டுக்கு ஒரு பலம் வருகிறது, மைதானமே அதிர்கிறது. ஆனால் அந்த இழுப்பும் தளர்வும் நறுக்கப்பட்டு விடுகின்றன. சில பாட்டுகளில் கானாக் குரல் தண்டவாளத்தில் ஏற்றிவிட்ட மாட்டுவண்டி மாதிரி ஓடுகிறது. பறையும் சட்டியும் முன்னால் வந்து, டிரம்ஸ் பின்வாங்குகிற இடங்களில்தான் குழு தன் முழு உயரத்துக்கு நிற்கிறது என்பது என் காதுக்குப் பட்டது.

மூன்றாவது, பிரச்சாரம். சில பாட்டுகள் துண்டுப்பிரசுரத்துக்கு மெட்டுப் போட்ட மாதிரி இருக்கின்றன. இதைச் சொன்னால் தோழர்கள் கோபப்படுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதே பாடகர்கள் சாவையும் காதலையும் பாடும்போது அவர்கள் குரலில் இருக்கிற ஏளனமும் கூர்மையும், கொள்கையைப் பாடும்போது நிமிர்ந்து நின்று அட்டென்ஷன் ஆகிவிடுகிறது. ஏளனம்தான் கானாவின் அரசியல். அதை இழந்து வாங்குகிற கொள்கை நஷ்டக் கணக்கு.

நாலாவது கேள்வியை மாடியில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார். "பத்தொம்பது பேர்ல ஒரு பொண்ணுதானா சார்?" பதில் சொல்ல யாருமில்லை. மாடியில் இருந்த பன்னிரண்டு பேரில் பெண் அவர் ஒருவர்தான்.

5

இனி ஏற்பு பற்றி. வாசக ஏற்பு, ரசிக ஏற்பு என்று கோட்பாடாகப் பேசுகிறோம். நடைமுறையில் அது ஒரு பிரித்தெடுக்கும் எந்திரம். கூட்டாகச் செய்ததிலிருந்து ஒரு முகத்தை, ஒரு வரியை, ஒரு பெயரைப் பிரித்து எடுக்கும். பிடித்திருந்தால் நட்சத்திரமாக்கும்; பிடிக்கவில்லையென்றால் குற்றவாளியாக்கும். இரண்டிலும் கூட்டு கலைந்துபோகும்.

2019இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தமிழ்ச் சுயாதீன இசையில் முக்கியமான தொகுப்பு அது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் துப்பாக்கிச்சூட்டில் 2018 மே மாதம் கொல்லப்பட்ட ஸ்னோலின் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. 'தேச விரோதி' என்ற வசவைத் திருப்பிப் பிடித்து அடிக்கிற பாட்டு இருக்கிறது. கலெக்டிவ் பாடல்களில் நான் குறை சொன்ன பிரச்சார விறைப்பு இதில் குறைவு. காரணம், இதில் ஒருவன் தன் மூச்சின் வேகத்துக்குப் பேசுகிறான். ஆனால் 19 பேர் நின்ற மேடை இப்போது ஒரு குரலும் ஒரு தாளக்காரரும் உள்ள அறையாகிவிட்டது. இது அறிவின் தவறு அல்ல. 19 பேரை ஒத்திகைக்குக் கூட்டிவரப் பஸ் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும், இடம் வேண்டும். அறைக்கு ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் போதும். ஃபோனில் கேட்கிறவனுக்கும் ஒரு முகம்தான் வசதி.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' இதை வெட்டவெளிச்சமாக்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. தீ பாடினார், அறிவும் பாடினார். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். உலகமே கேட்டது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியப் பதிப்பின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. பலர் கண்டித்த பிறகு அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு அரங்கேறியது. யார் எழுதினார்கள், யார் மெட்டமைத்தார்கள் என்று இருபக்கமும் அறிக்கைகள் வந்தன. 2024இல் சந்தோஷ் நாராயணன், பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுதுவது என் வேலையில்லை. பாட்டியின் நிலமற்ற வாழ்க்கையைப் பற்றிய பாட்டு, நிலத்தகராறு மாதிரியே பட்டா யார் பேரில் என்ற வழக்காக முடிந்தது. இதைத்தான் ஏற்பின் எந்திரம் என்கிறேன்.

தண்டனை எப்படித் தனியாளைத் தேடிப் போகும் என்பதை 2024 நவம்பர் காட்டியது. பெண்கள் கோயிலுக்குள் போகும் உரிமையைப் பற்றிக் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடைகளில் சில ஆண்டுகளுக்கு முன்பே பாடிய பாட்டு, 'ஐ ஆம் சாரி ஐயப்பா'. சபரிமலை மாலை போடும் பருவம் பார்த்து அந்தப் பழைய பாட்டு தூசி தட்டி எடுக்கப்பட்டது. போலீசில் புகார்கள் போயின. வசவும் மிரட்டலும் குவிந்தன. யார் மேல்? பாட்டை உருவாக்கியது குழு. குழுவின் ஆண்கள் பெயர் அதிகம் அடிபடவில்லை. மேடையில் அந்தக் குரலாக நின்ற இசைவாணி மேல்தான் எல்லாம் விழுந்தது. 2020இல் பி.பி.சி.யின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற அதே இசைவாணி. நீலம் பண்பாட்டு மையம் அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டது, அது சரியான காரியம். ஆனால் மொட்டைமாடியில் அந்த ஆசிரியை கேட்ட கேள்வி அன்றைக்கு எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. பத்தொன்பதில் ஒருத்தியாக இருப்பது, ஆபத்து வரும்போது ஒருத்தியாக மட்டும் இருப்பது.

அதே நவம்பர் 13ஆம் தேதி ராஜ் கௌதமன் இறந்துபோனார். அஞ்சலிக் கட்டுரைகள் நிறைய வந்தன. அவர் வாழ்நாளெல்லாம் எழுதிய தீட்டும் அதிகாரமும் அதே வாரங்களில் ஒரு பாடகியின் ஃபோனில் ஒலித்துக்கொண்டிருந்தன. அஞ்சலி எழுதியவர்களில் எத்தனை பேர் இதைச் சேர்த்துப் பார்த்தோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

6

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

2024 டிசம்பர் 15. இளையராஜா ஆண்டாள் கோயிலுக்கு வந்தார். ஆழ்வார் பாசுரங்களுக்கு அவர் இசையமைத்த 'திவ்ய பாசுரங்கள்' நிகழ்ச்சி அன்று கோயில் வளாகத்தில். தரிசனத்தின்போது ஜீயருடன் அர்த்த மண்டப வாசற்படிக்குப் போனவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் படிக்கு வெளியே நின்று மரியாதையைப் பெற்றுக்கொண்டார். வீடியோ பரவியது. கருவறையை ஒட்டிய அந்த மண்டபத்துக்குள் அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் தவிர யாருக்கும் அனுமதியில்லை என்றது அறநிலையத் துறை. நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள், சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் நானல்ல என்றார் இளையராஜா. அவர் சொல்லை நான் மறுக்கவில்லை. அவரை எதற்கும் சாட்சியாக இழுக்கவும் எனக்கு உரிமையில்லை.

நான் கேட்பது அந்த வாசற்படியைப் பற்றி. விதி எல்லாருக்கும் பொது என்கிறார்கள். சரி, அந்த 'எல்லாரும்' என்பதற்கு வெளியே, உள்ளே நிற்கத் தகுதியானவர்கள் எப்படித் தீர்மானிக்கப்படுகிறார்கள்? பாட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகலாம். மெட்டுப் போட்டவரும் கேட்கிற நாமும் படிக்கு இந்தப் பக்கம். இதில் தனிமனிதக் கெட்ட எண்ணம் தேவையே இல்லை. ஏற்பாடு தானாகவே வேலை செய்யும். அதுதான் ஏற்பாட்டின் வலிமை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மார்கழியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை ஊரையே எழுப்பும். தெருவில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கூடவே முணுமுணுக்கலாம். என் அம்மாவே வேலைக்குப் போகிற வழியில் முணுமுணுப்பாள். ஆனால் கோயிலுக்குள் பாசுரம் சேவிக்கிற கோஷ்டி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வரிசை உண்டு, முதல் மரியாதை உண்டு, பரம்பரை உரிமை உண்டு. தோழிகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு பெண்ணின் கூட்டுப்பாட்டு, பிறப்பால் தீர்மானிக்கப்பட்ட ஆண்களின் கோஷ்டியாக ஆன கதையைத்தான் நாம் இலக்கிய வரலாறு எழுதும்போது தவறவிட்டோம். 2018 ஜனவரியில் ஆண்டாள் யார் என்று ஊரே சண்டை போட்டது. ஆண்டாள் பாட்டை இன்றைக்கு யார் சேர்ந்து நின்று பாடலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை, வைரமுத்துவைத் தாக்கியவர்களும் ஆதரித்தவர்களும்.

கீழ்ப்பாக்கத்தில் முதல்நாள் நடந்தது அந்தக் கேட்கப்படாத கேள்விக்கு ஒரு பதில் என்று இப்போது படுகிறது. கோஷ்டி என்றாலும் கலெக்டிவ் என்றாலும் கூட்டம்தான். ஒன்றில் சேரப் பிறக்க வேண்டும். இன்னொன்றில் சேரப் பாடத் தெரிந்தால் போதும். சாதியற்ற கூட்டு என்று ஒரு பாட்டுக்குழு தனக்குப் பெயர் வைப்பதன் முழுக் கனமும் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசற்படியில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

7

போன வருஷம் பெரியப்பா இறந்தார். எங்கள் தெருவில் இப்போது கொட்டு அடிக்க ஆளில்லை. பையன்கள் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஜெய்பீம் பாட்டு போட்டார்கள். பெரியம்மா மட்டும் "கொட்டுச் சத்தம் இல்லாம எப்பிடிய்யா அனுப்புறது" என்று அழுதாள். வெளியூரிலிருந்து ஒரு செட்டைக் கூப்பிட்டோம். ரேட்டு பேசி, ஜி-பேயில் முன்பணம் அனுப்பி வரவழைத்தது. ஒரே நிறத்தில் பனியன் போட்ட ஆறு பையன்கள், அதில் இரண்டு பேர் காலேஜ் படிக்கிறவர்கள். வந்து நின்றதும் அப்பா சாமியானாவுக்குள் போய் ஆறு நாற்காலியைத் தானே தூக்கி வந்து போட்டார். "உக்காருங்கய்யா. மொதல்ல காப்பி குடிங்க, அப்புறம் அடிக்கலாம்" என்றார். அவர்கள் அடிக்கும்போது தள்ளி நின்றுதான் கேட்டார். ஆனால் முழுக்கக் கேட்டார்.

இதிலிருந்து நம் தோழர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பவை நடைமுறைக் காரியங்கள்தான். ஒரு கூட்டத்துக்குப் பாட்டுக்குழுவைக் கூப்பிட்டால் பேச்சாளருக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாக அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒத்திகைக்கு இடம் கொடுங்கள். நம்மிடம் கட்சி அலுவலகம், சங்கக் கட்டிடம் என்று பூட்டிக் கிடக்கிற அறைகள் எத்தனையோ உண்டு. பாட்டு யாருடையது, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணை மட்டும் சேர்த்துக்கொண்டு போதும் என்று இருக்காதீர்கள். நாளைக்கு ஒரு பாட்டுக்காக ஒருத்தி மேல் புகார் வந்தால், அந்தப் பாட்டில் சட்டி அடித்தவர் முதல் கைதட்டிய நாம் வரை எல்லாரும் அவள் கூட ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டும். கூட்டுக்குரல் என்று நாம் எழுதுவதெல்லாம் அன்றைக்கு அந்த ஸ்டேஷன் வாசலில் எத்தனை பேர் நிற்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.